கார் வந்ததால் பாதியில் நின்ற படம்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். ஒரு படத்தை இடைவேளை வரை பார்த்துவிட்டு எழுந்து வந்திருக்கிறீர்களா? வயிற்றுவலி, மழை, கரண்ட் போனது, ஏதோ ஒன்று. அப்புறம் மீதியைப் பார்த்தீர்களா? பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். எங்கள் வீட்டில் ஒரே படத்தின் முதல் பாதியை இரண்டு தடவை பார்த்தோம். இரண்டாம் பாதியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு காரணம், கார். இன்னொரு காரணம், நான். காரை எப்போதோ மன்னித்துவிட்டேன். இரும்பிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

இத்தனை வருஷம் கழித்து அது ஏன் ஞாபகம் வருகிறது என்றால், என் மகனால்தான். அடையாறில் அவனுடைய ஃபிளாட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று நான் செருப்பை மாட்டினால் போதும், அவன் ஃபோனை எடுத்துவிடுவான். "எதுக்கும்மா நடக்கற? பத்து நிமிஷத்துல வீட்டுக்கே வந்துடும்." வந்துவிடுகிறது, பாதி அழுகலாக. கோயிலுக்கு என்றால், "இரு, கார் புக் பண்றேன்." கார் வருகிறது. அது எந்த முனையில் திரும்புகிறது, எந்த சிக்னலில் நிற்கிறது என்று அவன் ஆபீசில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருக்கிறான். தங்கமான பிள்ளை. அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அப்பாவும் இவனைப் போலத்தான் இருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். அப்பா மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். எதிர்வீட்டில் ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். தெருவே அவரை பாய் என்றும் அந்த அம்மாளைப் பாயம்மா என்றும் கூப்பிட்டது. அவர்கள் வீட்டுக்குள் உருது பேசுவார்கள், வெளியே வந்தால் மெட்ராஸ் தமிழ். பாயம்மா அம்மாவை 'ஐயரம்மா' என்பாள்.

இந்த இருவருக்கும் ஒரு ரகசியம் இருந்தது. புதன்கிழமை தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பிரம்புக் கூடையோடு தண்ணித்துறை மார்க்கெட்டுக்குக் கிளம்புவார்கள். அப்பாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உண்மையில் அந்தக் கூடைகள் நேராக ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சினிமாக் கொட்டகைக்குப் போகும். மேட்னி முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக மார்க்கெட்டுக்கு வந்து, கண்ணில் பட்ட காய்களை அள்ளிக்கொண்டு, அப்பா வருவதற்குள் வீடு. ஒரு கூடைக் கத்தரிக்காய் வாங்க நாலு மணி நேரமா என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. பெண்கள் பேரம் பேசினால் அவ்வளவு நேரம் ஆகும் என்று நம்பினார். ஆபீசிலும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கோடை விடுமுறை வந்ததும் என்னை எங்கே விடுவது என்ற சிக்கல் வந்தது. விட முடியாது, கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் நாள் அம்மா என்னைக் கொல்லைப்புறத் துளசிச் செடி முன்னால் நிறுத்தினாள்.

"சத்தியம் பண்ணு. அப்பாகிட்ட மூச்சு விடப்படாது."

"கேட்டா?"

"கேக்கமாட்டா. நீயா உளறினாத்தான் உண்டு."

அம்மாவுக்கு என்னைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த நடை இன்னும் காலில் இருக்கிறது. தார் உருகி ரப்பர் செருப்பில் ஒட்டும். அம்மா வெளியே போவதற்கென்றே வைத்திருந்த மாந்தளிர் நிறச் சுங்குடிப் புடவையில் இருப்பாள். வீட்டில் சமையலறை, கூடம், கொல்லை என்று அளந்து நடக்கிற அம்மா, தெரு முனை தாண்டியதும் வேறு மாதிரி நடப்பாள். கை வீசி நடப்பாள். பாயம்மா புர்காவுக்குள்ளிருந்து ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். கொட்டகையில் பெண்கள் டிக்கெட்டுக்குத் தனி வரிசை, இருபுறமும் இரும்புக் கம்பி. உள்ளே பெஞ்சு. விளக்கு அணைந்ததும் பாயம்மா முகத்திரையைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டு 'அப்பாடா' என்பாள். பாயம்மா வீட்டில் சமைத்ததை அம்மா தொடமாட்டாள், ஆனால் உரிக்கிற பண்டத்துக்குத் தீட்டில்லை என்று தானாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். அதனால் வேர்க்கடலையும் ஆரஞ்சும் மடியிலிருந்து மடிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? கொட்டகை வாசலில் விற்பார்களே, மட்டமான காகிதத்தில், மை கையில் ஒட்டுகிற மாதிரி. பாயம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனாலும் அவள்தான் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று வாங்குவாள். அம்மா அதைப் படித்துக் காட்டுவாள். பிறகு அது எங்கள் வீட்டு உளுத்தம்பருப்பு டப்பாவின் அடியில் போய்ச் சேரும். அந்த டப்பாவை அப்பா தொடவே மாட்டார்.

இனி அந்தப் படம். பெயர் வேண்டாம், இப்போது யாருக்கும் தெரியாது. ஒரு பெரிய வீட்டு மருமகள். கணவன் சந்தேகப் பிராணி. நாலு பேர் முன்னால் அவளை ஒரு சொல் சொல்லிவிடுகிறான். அவள் அழவில்லை. தகரப் பெட்டியில் நாலு புடவையை மடித்து வைத்துக்கொண்டு, நடந்தே ஸ்டேஷனுக்குப் போய், வந்து நிற்கிற ரயிலில் ஏறிவிடுகிறாள். ரயில் ஊதுகிறது, நகர்கிறது. திரையில் 'இடைவேளை' என்று விழுகிறது.

கொட்டகையே உச்சுக் கொட்டியது. அம்மா மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அந்த நேரம் பார்த்து அவள் மடியில் வாந்தி எடுத்தேன். காரணம் மூன்று ஐஸ் ஃப்ரூட். இரண்டு பாயம்மா வாங்கித் தந்தது, ஒன்று நான் அழுது வாங்கியது. எனக்குத் தலை சுற்றியது, வீட்டுக்குப் போகணும் என்று ஊரைக் கூட்டினேன். பாயம்மா தன் துணியால் அம்மாவின் புடவையைத் துடைத்துவிட்டாள்.

"பரவால்ல ஐயரம்மா, படம் எங்க ஓடிப்போவுது? அடுத்த புதங்கெயமை வந்து மீதியப் பாத்துக்கலாம்."

அம்மா திரையைத் திரும்பிப் பார்த்தபடியே வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தேடினாள். அதில் கதைச்சுருக்கம் போட்டிருக்கும். அந்தச் சுருக்கமும் அவளை ரயிலில் ஏற்றிவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிந்திருந்தது.

புதன்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது.

அப்பாவின் கம்பெனியில் கடைசியாக இருந்த துரை ஊருக்குக் கப்பலேறினார். போகிறபோது தன் கறுப்புக் காரை அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். பழசு. முன்பக்கம் இரும்புக் கம்பியைச் சொருகிச் சுற்றினால்தான் கிளம்பும். ரப்பர் உருண்டை வைத்த ஹாரன். உள்ளே வெந்துபோன ரெக்ஸின் வாசனையும் பெட்ரோல் வாசனையும். எங்கள் தெருவில் அதுதான் முதல் கார். தெரு முழுக்க வந்து தொட்டுப் பார்த்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அம்மா ஆரத்தி எடுத்தாள். நான் பின் சீட்டில் ஏறி இறங்கி ஏறி, ஆகாயத்தில் இருந்தேன்.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டு முன் கதவைத் திறந்து காட்டினார். "உனக்காகத்தான் வாங்கினேன். நீ அந்தக் கூடையைத் தூக்கிண்டு வெயில்ல போறதை நெனைச்சா ஆபீஸ்ல வேலையே ஓடலை. இனிமே நீ நடக்கவே வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே அழைச்சிண்டு போறேன். வாரத்துக்கு வேணுங்கறதை ஒரே தடவையா வாங்கிண்டு வந்துடலாம்."

"புதன்கிழமை ஒரு நாள்தானே நடக்கறேன். அது பழகிப்போச்சு" என்றாள் அம்மா.

"நன்னாருக்கே! வாசல்ல காரை நிறுத்திட்டு, ஆத்துப் பொம்மனாட்டி கூடையோட தெருவுல நடந்தா நாலு பேர் என்னை என்னன்னு நெனைப்பா?"

அந்தச் சின்ன வயதில் எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

காரில் கடைக்குப் போவது எப்படி என்று சொல்கிறேன் கேளுங்கள். அந்தக் காரை நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்பது கடவுளுக்கே தெரியாது. அதனால் அப்பா எஞ்சினை அணைக்கமாட்டார். அணைக்காத காரை விட்டு அவரால் இறங்க முடியாது. அம்மாவும் இறங்கக் கூடாது, ஏனென்றால் கார் வைத்திருப்பவர்கள் இறங்குவதில்லை. கடைதான் காரிடம் வரவேண்டும். வந்தது. ஹாரனை இரண்டு தடவை அமுக்கினால் கடைக்காரரே கும்பிட்டபடி ஓடி வருவார். முன்பெல்லாம் அம்மா ஒவ்வொரு கத்தரிக்காயையும் திருப்பிப் பார்த்து, காம்பை நகத்தால் கீறிப் பார்த்து, கடைக்காரருடன் வம்பளந்து வாங்குவாள். இப்போது ஜன்னல் வழியாகப் பை உள்ளே வந்து விழும்.

"கார்ல வர்ற வூட்டுக்கு சொத்தை போடுவேனாம்மா? கண்ணை மூடிக்கினு எடுத்துகினு போங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கிவந்தோம். பாதி சொத்தை.

பாண்டி பஜாரில் ஒரு நாள் துணிக்கடைக்காரர் புடவைகளை ஜன்னலருகே கொண்டுவந்து விரித்துக் காட்டினார். கார் உறுமுகிறது, பின்னால் ஒரு கட்டைவண்டிக்காரர் வழிவிடச் சொல்லித் திட்டுகிறார், அப்பா "சீக்கிரம் சீக்கிரம்" என்கிறார். அம்மா விளக்குக் கம்பத்து வெளிச்சத்தில் அரக்கு என்று நினைத்து எடுத்தது வீட்டுக்கு வந்தபோது காப்பிப்பொடி நிறமாக இருந்தது. அம்மா அதைக் கட்டிக்கொண்டாள். அப்பா "எடுப்பா இருக்கு" என்றார்.

கடைத்தெரு எனக்கும் போய்விட்டது. அம்மாவோடு நடந்த நாட்களில் வளையல் கடைக்குள் நுழைந்து கையை விட்டுக் குடையலாம், பொரிகடலைக்காரர் ஒரு பிடி சும்மா தருவார். இப்போது எல்லாம் கண்ணாடிக்கு வெளியே. முதல் வாரம் ராஜகுமாரியாக இருந்தேன். மூன்றாவது வாரம் எனக்கும் அலுத்துவிட்டது. அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. காரில் போகிற பெண் என்ற பெயரை விட மனமில்லை.

புதன்கிழமைகளில் பாயம்மா தன் வாசலில் வந்து நின்று பார்ப்பாள். அம்மா உள்ளிருந்தே 'முடியாது' என்று தலையசைப்பாள். பாயம்மா திரும்பிப் போய்விடுவாள். அம்மா இல்லாமல் அவளும் கொட்டகைக்குப் போகவில்லை.

"நீ இல்லாம நான் பாத்தா அது இன்னா படம்? யாரு எனக்குப் படிச்சுக் காட்றது?" என்று கொல்லைப்புறச் சந்து வழியாக வந்து கேட்டாள்.

அம்மா சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "ஏன்னா, ராயப்பேட்டைல ஏதோ படம் வந்திருக்காமே. எல்லாரும் நன்னாருக்குங்கறா."

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதை இவ்வளவு தயங்கிக் கேக்கணுமா? ஞாயித்துக்கிழமை மேட்னிக்குப் போவோம். கார்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா காலையிலிருந்தே சிரித்த முகமாக இருந்தாள். இரண்டு மணி ஆட்டத்துக்கு ஒரு மணிக்கே கிளம்பினோம். கம்பியைப் பதினாலு தடவை சுற்றியதும் கார் உயிர் பெற்றது. லஸ் முனையில் முன்னாலிருந்து ஆவி வந்தது, ஒரு ஓட்டலில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். எப்படியோ பெயர் போடும்போது உள்ளே நுழைந்துவிட்டோம். இந்தத் தடவை பெஞ்சு இல்லை, பால்கனி.

முதல் பாதி முழுவதும் அம்மா முதல் தடவை பார்ப்பது போலவே பார்த்தாள். நானோ, வாய் ஒரு இடத்தில் நிற்காத பெண். "இப்போ பெட்டியை எடுப்பா பாரு" என்றேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

"இவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"பாட்டுப் புஸ்தகத்துல படிச்சிருப்பா. ஊர் பூரா விக்கறானே" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் ரயிலில் ஏறினாள். ஊதல். இடைவேளை. அப்பா காரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அம்மா என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள், எனக்கு அன்றைக்கு ஐஸ் ஃப்ரூட் கிடையாது. விளக்கு அணைகிற நேரத்தில் அப்பா வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"கிளம்புங்கோ. மட்கார்டுல நாலு பேர் ஏறி உக்காந்துண்டு பீடி குடிச்சிண்டிருக்கான். படம் விட்டா கூட்டத்துல வண்டியை எடுக்கவே முடியாதுங்கறான் வாட்ச்மேன்."

"மீதிப் படம்?"

"மீதில என்ன? கடைசில எல்லாம் சரியாப் போயிடும். வா."

"நீங்க போங்கோ. நானும் கொழந்தையும் இருந்து பார்த்துட்டு நடந்து வந்துடறோம்."

"கார் இருக்கச்சே நடந்தா? என்ன பேச்சு இது!" அப்பா கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை.

எழுந்தோம். இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் பாதி தூரம் வந்ததும் கார் நின்றுவிட்டது. அப்பா சுற்றுகிறார், மூடியைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடி சுற்றுகிறார். வெயிலில் கார் அடுப்பாகிவிட்டது. அம்மா இறங்கக் கூடாது, அதனால் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அப்புறம் பின்னாலிருந்து கும்பல் கும்பலாக ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். படம் விட்டுவிட்டது. மீதியைப் பார்த்தவர்கள் எல்லோரும், மூக்கைச் சிந்திக்கொண்டும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டும், எங்கள் காரைத் தாண்டி நடந்து போனார்கள்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னா இருந்தாலும் அவ அப்டி பண்ணியிருக்கக் கூடாதுக்கா."

"ஏன், அவ பண்ணதுதான் சரி."

அம்மா தலையை வெளியே நீட்டினாள். "என்ன பண்ணினா?" என்று கேட்க வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து நாலைந்து பேர் சேர்ந்து காரைத் தள்ள, எஞ்சின் பெரிய சத்தத்தோடு கிளம்பியது. அப்பா வெற்றி வீரராக உள்ளே தாவி ஏறினார். திரும்பிப் பார்த்தேன், அந்தப் பெண்கள் கையை ஆட்டி ஏதோ வாதாடிக்கொண்டே பின்னால் போய்விட்டார்கள்.

அவள் என்னதான் பண்ணினாள்? மறுநாள் கொல்லைப்புறத்தில் அம்மாவும் பாயம்மாவும் இதையே அலசினார்கள்.

"பட்டணத்துக்குப் போய் டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருப்பா. அவன் தேடிண்டு வந்திருப்பான். 'போடா'ன்னுட்டிருப்பா. அதைத்தான் ஒருத்தி தப்புங்கறா, ஒருத்தி சரிங்கறா" என்றாள் அம்மா.

"கரீக்ட்டு. அதான். அவன்கிட்ட திரும்பிப் போற மொகமா அது?" என்றாள் பாயம்மா.

பேசினால் போதுமா? பார்க்க வேண்டாமா? அடுத்த வாரம் கோயில் மதிலுக்கு எதிரே இருந்த போஸ்டரின் குறுக்கே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். 'இன்றே கடைசி'. அன்று புதன்கிழமை. அப்பா பஸ்ஸில்தான் ஆபீஸ் போவார், கார் பெட்ரோல் குடிக்கும் என்பதால். அது வாசலில் நின்றிருந்தது. அம்மா சாப்பாட்டுக் கடையை அவசரமாக முடித்தாள். சுங்குடிப் புடவையைக் கட்டிக்கொண்டாள். பரண் மேலிருந்த கூடையை இறக்கினாள். பாயம்மா எதிர்வாசலில் தயாராக நின்றாள். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா காரைத் தாண்டி நடந்தாள்.

நாலு வீடு போவதற்குள் ஒரு மாமி. "என்ன, நடந்து போறேள்? கார் ரிப்பேரா?"

"ஆமாம், ரிப்பேர்" என்றாள் அம்மா.

முனையில் பால்காரர். "இன்னாம்மா, நட்ராஜா சர்வீஸா? வண்டி இன்னாச்சு?"

"ரிப்பேர்ப்பா."

பாயம்மா புர்காவுக்குள் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். கை வீசி நடக்க ஆரம்பித்துவிட்டாள். குளத்தங்கரைக்கு வந்தபோது எதிரே அப்பாவின் சிநேகிதர், ரிட்டயரான வாத்தியார், குடையோடு வந்தார். ஊரில் யார் எங்கே போகிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அவருக்கு வேலை.

"என்னம்மா இந்த வெயில்ல? கார் என்ன ஆச்சு? ரிப்பேரா?"

"ஆமாம் மாமா."

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். இரண்டு தடவை பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை முடியவில்லை. எங்கள் காரைப் போய் ரிப்பேர் என்கிறாளே என்று எனக்கு ரோஷம்.

"இல்லை மாமா! கார் நன்னாத்தான் இருக்கு. ஆத்து வாசல்ல நிக்கறது. காத்தாலகூட அப்பா தொடைச்சா."

அம்மாவின் கை என் கையில் இருந்தது. அது தளர்ந்ததை இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

"அப்புறம் ஏம்மா நடக்கறே? அவன் ஒண்ணும் சொல்லலையா? சாயங்காலம் வரட்டும், நான் கேக்கறேன். கார் வெச்சிண்டிருக்கறவா இப்படிப் பண்ணினா நன்னாவா இருக்கு?" என்றார் அவர். பிறகு பாயம்மாவையும் கூடையையும் பார்த்தார்.

அம்மா அப்படியே திரும்பினாள். பாயம்மா கூப்பிட்டாள். "ஐயரம்மா, கெடக்கறார் வா, இன்னிக்குத்தான் கடேசி." அம்மா நிற்கவில்லை. போகும்போது பார்த்த மாமி திரும்பி வரும்போதும் வாசலில்தான் நின்றிருந்தாள். என்னை அம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால் இத்தனை வருஷம் நான் இதைச் சுமந்துகொண்டிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை அம்மா அந்தச் சுங்குடிப் புடவையை நாலாகக் கிழித்து, மடித்து, அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "கார் தொடைக்க மெத்துனு இருக்கும்" என்றாள்.

அப்பா அதை வாங்கிக்கொண்டு என்னிடம் பெருமையாகச் சொன்னார். "பார்த்தியா, உங்கம்மாவுக்கும் கார் மேல அக்கறை வந்துடுத்து."

கார் எங்களிடம் மூன்று வருஷம் இருந்தது. ஓடிய நாளைவிடத் தள்ளிய நாள் அதிகம். கடைசியில் யாரோ பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் தையற்கார பாய் கடையை ராயப்பேட்டைக்கு மாற்றி, வீட்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார். போகிற அன்று பாயம்மா பாட்டுப் புத்தகங்களை அம்மாவிடமே விட்டுவிட்டாள். கார் போன பிறகு வந்த முதல் புதன்கிழமை, அம்மா கூடையை எடுத்துக்கொண்டு தெரு முனை வரை போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்துவிட்டாள். "எங்கே போறது?" என்றாள் என்னிடம். அதற்குள் அப்பா காய்கறிக்காரியை வீட்டுக்கே வரச்சொல்லி ஏற்பாடு செய்திருந்தார்.

அப்பா போய், பிறகு அம்மாவுக்கும் படுக்கை என்று ஆனது. கடைசி மாதங்களில் பல பெயர்கள் மறந்துவிட்டன. ஒரு நாள் மத்தியானம் தெளிவாகக் கேட்டாள். "ஏண்டி, அந்த ரயில்ல ஏறினாளே, அவ என்ன ஆனா?"

நான் யோசிக்கவே இல்லை. "பட்டணத்துக்குப் போய் டீச்சராயிட்டாம்மா. அவன் தேடிண்டு வந்தான். 'போடா'ன்னுட்டா."

"பார்த்தியா நீ?"

"பார்த்தேன்."

"பாயம்மாவும் அதான் சொன்னா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

போன வாரம் அந்தப் படம் ஃபோனில் கிடைத்தது. மகன்தான் பொழுதுபோகட்டும் என்று பழைய படங்களாகத் தேடித் தந்திருந்தான். கீறல் விழுந்த பிரதி. இடைவேளை வரை விரலால் தள்ளிவிட்டு, அதற்கு அப்புறம் பார்க்க ஆரம்பித்தேன். அவள் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுகிறாள். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுகிறாள். பொழுது விடிந்ததும் பெட்டியோடு அதே வீட்டுக்குத் திரும்பி வந்து அவன் காலில் விழுகிறாள். அவன் மன்னிக்கிறான். மீதி ஒன்றரை மணி நேரமும் மன்னிப்புதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபோனைத் தூக்கி எறிந்திருப்பேன், மகன் வாங்கித் தந்தது என்பதால் சோபாவில் போட்டேன். அப்பா சொன்னதுதான் நடந்திருக்கிறது, கடைசியில் எல்லாம் சரியாகப் போய்விட்டது. இதைப் பார்க்கவா அம்மா அப்படித் தவித்தாள்? இல்லை என்று பிறகு தோன்றியது. படம் எப்படியும் போகட்டும். அந்த நடையைப் பிடுங்கிக்கொண்டார்களே, அதுதான். அதில் என் கையும் இருந்ததே, அதுதான்.

இன்று புதன்கிழமை. மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஃபோனைச் சார்ஜில் போட்டபடியே விட்டு, துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கே என்று எனக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டு வரை போய், மயிலாப்பூர் பக்கம் போகிற ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறலாம். வாசலில் வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இன்னாம்மா, நட்ந்து போறீங்க? வெயில் இப்டி கொளுத்துது. கார் இன்னாச்சு?"

அவருக்குப் பின்னால், தூண்களுக்கு நடுவே, ஆபீஸ் பஸ்ஸில் போகிற என் மகன் விட்டுப்போன கார் நின்றிருந்தது. காலையில் துடைத்தது, பளபளவென்று.

"ரிப்பேர்" என்றேன்.

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் வாய் நீண்ட குழந்தை யாரும் இல்லை. அவர் கேட்டைத் திறந்துவிட்டார், நான் கையை வீசிக்கொண்டு நடந்தேன்.